கொம்பைப் பிடித்து இழுத்தவர்

போன மாதம் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பழைய ஆபீஸ்காரர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு மேனேஜராக இருந்தவரும் மனைவியோடு வந்திருந்தார். சாப்பாடு முழுக்க, அந்த ஆபீஸைத் தான் ஒற்றை ஆளாக எப்படித் தூக்கி நிறுத்தினேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐஸ்கிரீம் வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டார். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். யாரையோ சந்தி சிரிக்க வைக்கப் போகிறார் என்று அர்த்தம்.

“நம்ம ஆபீஸ்ல ஒரு அம்மா இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? கம்பெனி செலவுல ஸ்பெயினுக்கு அனுப்பினா, அங்க திருவிழால வேஷம் கட்டினவனோட கொம்பப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க! நெஜப் பேய்னே நெனச்சிட்டாங்க போல.”

மேசை முழுக்கச் சிரிப்பு. அவர் மனைவியும் சிரித்தார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்தக் கதையை இவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரிக்கிறார்கள், ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை. கொம்பைப் பிடித்த இடத்தில் பக்கத்திலேயே நின்றவள் நான். அதனால் நான் சொல்கிறேன்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். எங்கள் ஆபீஸ் பீன்யாவில் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் செய்யும் மெஷின்களுக்குப் பாகம் பாகமாகக் கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொடுப்போம். அக்கா லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி வருவார். நான் மல்லேஸ்வரத்தில் ஏறுவேன். எனக்காக இடம் பிடித்து வைத்திருப்பார். யாராவது “இங்க ஆள் வராங்களா?” என்று கேட்டால் சும்மா தலையை ஆட்ட மாட்டார். “வராங்க. இன்ன பேரு. அடுத்த ஸ்டாப்ல ஏறுவாங்க” என்று என் பேரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். பாதி பஸ்ஸுக்கு என் பேர் தெரியும்.

அக்காவுக்கு உலகத்தில் பொறுக்கவே முடியாத ஒரு சாதி உண்டு. ஆள் யாரென்று காட்டிக்கொள்ளாமல் பேசுகிறவர்கள். ஆபீஸ் ஃபோன் அடிக்கும். எடுத்தவுடன் அந்தப் பக்கத்திலிருந்து “யாரு பேசறது?” என்று கேட்டால் தீர்ந்தது.

“ஃபோன் போட்டது நீங்க. மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க.”

“இல்ல மேடம், நான் வந்து...”

“‘நான் வந்து’ன்னு ஒரு பேரா? பேரச் சொல்லுங்க சார். அப்புறம் எவ்ளோ நேரம் வேணா பேசலாம்.”

பேர் சொன்னபிறகு அதே ஆளிடம் அவ்வளவு அன்பாகப் பேசுவார். வீட்டிலும் இதே கூத்துதான். கதவைத் தட்டிவிட்டு “நான்தான்” என்றால் திறக்க மாட்டார். கட்டின புருஷனே ஆனாலும் வெளியே நின்று தன் பேரைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நல்ல மனுஷர் கையில் கறிப் பையோடு நனைந்துகொண்டே தன் முழுப் பேரையும் அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னார். உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, “கல்யாணத்துல பாதர் கேட்டப்பகூட நான் இவ்ளோ கத்திச் சொல்லல” என்றார். அக்கா சிரித்தபடி அவருக்கு டீ போட்டார்.

டிசம்பர் வந்தால் ஆபீஸில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் வைத்தது என்று தெரியாமல் பரிசு வைக்கும் விளையாட்டு ஒன்று நடக்கும். அக்கா பரிசை நேராகக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார். “இது நான் வாங்கினது. பிடிக்கலன்னா இப்பவே சொல்லு, பில்லு இருக்கு, மாத்தித் தரேன்.” விளையாட்டு அங்கேயே படுத்துவிடும். லிங்கராஜபுரத்திலும் அவர் தெருவுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு வருகிறவர்களுக்கு அவர் வீடென்றால் ஒரு நடுக்கம் உண்டு. முகமூடியையும் பஞ்சுத் தாடியையும் பார்க்கவே மாட்டார். செருப்பைப் பார்ப்பார். “என்னாப்பா, போன வாரம் தச்சுக் குடுத்த ஜாக்கெட்ல கை டைட்டா இருக்கு” என்று தாத்தாவிடம் ஆரம்பிப்பார். டிரம் அடிப்பவர்கள் சிரிப்பில் தாளத்தைத் தொலைப்பார்கள்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையில்லாத ஒன்று தொண்ணூற்றொன்று டிசம்பரில் நடந்தது. காவிரிக் கலவரத்தின்போது தமிழர்கள் இருக்கும் தெருக்களில் என்ன நடந்தது என்று பெங்களூரில் அன்று இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா இதை என்னிடம் சொன்னதில்லை, அவர் கணவர்தான் சொன்னார். கர்ச்சீப்பால் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு ஒரு கும்பல் கல்லும் கையுமாகத் தெருவுக்குள் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்கள் இவர்களைக் கொல்லைப்பக்கமாகத் தங்கள் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் போய்விட்டார்கள், அக்கா மட்டும் கேட் பக்கத்தில் நின்றுவிட்டார். முன்னால் வந்தவனின் செருப்பைப் பார்த்தாராம்.

“யாரப்பா நீனு? முக தோர்ஸு” என்று கன்னடத்திலேயே கேட்டிருக்கிறார். முகத்தைக் காட்டு என்று. பிறகு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கன்னடத்திலேயே சொல்லியிருக்கிறார். கர்ச்சீப்பை எடுத்துவிட்டுக் கல்லை எறி, வாங்கிக்கொள்கிறேன், முகத்தை மூடிக்கொண்டு எறியாதே.

அவன் தெருமுனை சைக்கிள் கடைக்காரன். கல்லைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். பின்னால் வந்த எவனோ ஒருவன் எறிந்ததில் ஜன்னல் உடைந்தது, அது வேறு விஷயம். அன்றிரவு முழுக்க அக்கா வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். அடுத்த மாதம் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதே கடைக்குப் போய்க் காற்றடித்துக்கொண்டு வந்தார். “அவன்தான் முகத்தக் காட்டிட்டானே” என்றாராம். எனக்கு அந்த மனசு வராது. நானாக இருந்தால் அந்தக் கடைப் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன்.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் கம்பெனி முகமூடித் திருவிழாவுக்கு அனுப்பி வைத்தது. அவர்களும் தெரிந்து செய்யவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்பெயினிலிருந்து ஒரு மெஷின் கம்பெனியின் வேலை எங்களுக்கு வந்தது. வரைபடங்களைப் பேசி முடிக்க ஜனவரியில் அக்காவும் நானும் போனோம். திரும்பி வந்ததும் அக்காவைப் பிரிவுத் தலைவராக்குவது என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. அவர் கணவர் வேலை பார்த்த கடை மூடிக் கிடந்த சமயம். அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அந்தப் பதவி அவருக்கு வெறும் கௌரவம் இல்லை.

அந்தக் கம்பெனி இருந்ததே ஒரு சின்ன ஊர். எங்களோடு வேலை பார்த்த இன்ஜினியர் அதற்கும் உள்ளே, மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துக்காரர். அந்தக் கம்பெனி முதலாளி குடும்பத்துக்கும் அதே கிராமம்தான் பூர்விகம். சனிக்கிழமை எங்கள் ஊர்த் திருவிழா, வாருங்கள் என்று முந்தின நாள் சாயங்காலமே தன் காரில் கூட்டிப்போனார். வழியில் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே வந்தார். ஆண்கள் ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் மாட்டு மணிகளைக் கட்டிக்கொண்டு, கொம்பு வைத்த மரமுகமூடி போட்டுக்கொள்வார்கள். கம்பு நுனியில் பன்றியின் சிறுநீர்ப்பையைக் காற்றூதிக் கட்டி, தெருவில் எதிர்ப்படும் பெண்களை விரட்டி முதுகில் அடிப்பார்கள். வலிக்காது. குளிர்காலம் ஓடிப்போகும், அடி வாங்கியவளுக்கு அந்த வருஷம் நல்லதாக அமையும். முகமூடிக்குள் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் வேடிக்கை.

“யாருக்கு வேடிக்கை?” என்று அக்கா கேட்டார்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சிரித்துவிட்டார். அடி வேண்டாம் என்கிற பெண் தரையில் உட்கார்ந்துவிட்டால் போதும், உட்கார்ந்தவளை எந்த முகமூடியும் தொடக்கூடாது, அது எங்கள் தாத்தாக்கள் காலத்துக் கட்டுப்பாடு என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “வேணாம்னு சொன்னாப் பத்தாதா? நான் எதுக்குடி உக்காரணும்?”

காலையில் மாதா கோயில் பூசைக்குப் போனோம். அக்கா புடவைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு, அந்த ஊர்ப் பெண்களுக்கு நடுவில் தன் சொந்தக் கோயிலில் இருப்பதுபோல முழங்காலிட்டார். பாஷை தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் நெற்றியைத் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் அவரைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்தேன். வெளியே பேக்கரியில் ஓர் இளம்பெண் எங்கள் கைகள் விறைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள், சாப்பிடுவதற்கு முன் கையைச் சூடுபண்ணிக்கொள்ள.

அப்புறம் மணிச்சத்தம் கேட்டது. சந்துக்குள் முகமூடிகள் இறங்கி ஓடி வந்தன. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள், சிரித்துக்கொண்டேதான். எனக்கு முதுகில் ஒன்று விழுந்தது, பொத்தென்று, பலூன் பட்ட மாதிரி. அக்காவுக்கும் விழுந்தது. அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவரோ அடித்தவனின் பூட்ஸைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம், “இவன் ராத்திரி நமக்கு சூப் ஊத்தின ஓட்டல்காரன்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இதை அழுத்திச் சொல்கிறேன். அக்கா சிரித்தார். திருவிழா என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பேக்கரிச் சுவரோரம்தான் அது நடந்தது. ஒரு முகமூடி அந்த ரொட்டிப் பெண்ணை மட்டும் விடாமல் துரத்தி வந்தது. அவளைச் சுவரில் ஒதுக்கி அடித்தது. இரண்டாவது மூன்றாவது அடியில் காற்றுப்பை வெடித்துவிட்டது. வெடித்தால் போய் வேறு கட்டிக்கொண்டு வர வேண்டுமாம். அவன் போகவில்லை. வெறும் கம்பால் அடித்தான். சத்தம் மாறியது எனக்கே கேட்டது. அவள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினாள், பிறகு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளையும் அடித்தான். சுற்றி நின்றவர்களின் சிரிப்பு நின்றது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. முகமூடியைத் தடுக்கலாமா கூடாதா என்று அவர்கள் தயங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அக்கா தயங்கவில்லை. கையிலிருந்த ரொட்டியை என்னிடம் திணித்துவிட்டுப் போனார். அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றார். ஓங்கிய கம்பு அவர் தோளில் பட்டது. “எவண்டா நீ? மூஞ்சியக் காட்டுடா!” என்று தமிழில் கத்திக்கொண்டே இரண்டு கொம்பையும் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தார். வார் அறுந்து முகமூடி கையோடு வந்துவிட்டது.

உள்ளே இருந்தது முதலாளியின் மகன். முந்தின நாள் ஆபீஸில் தன் கையாலேயே எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தவன். அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பழைய மனத்தாங்கல் ஒன்று இருக்கிறது என்று இன்ஜினியர் பிறகு சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சந்துக்குள் ஓடினான். அக்கா அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தி, அவள் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

முகமூடியைத் தெருவில் வைத்துக் கழற்றுவது அங்கே பெரிய குற்றமாம். இன்ஜினியர் முகம் வெளுத்துப்போய் எங்களை ஒரு வீட்டுக்குள் உட்காரவைத்தார். “அந்தப் பொண்ணுக்கு ஏதாவது மருந்து போட்டாங்களா?” என்று அக்கா திரும்பத் திரும்ப அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கோயில் மணி அடித்தது. அந்த ஊரில் முகமூடிக்கு ஆயுள் அதுவரைதான். மணி அடித்ததும் அத்தனை பேரும் சதுக்கத்தில் வரிசையாக வந்து நிற்க வேண்டும், ஊருக்கு முன்னால் முகமூடியைக் கழற்ற வேண்டும், தன் பேரையும் வீட்டையும் உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சூப்புக் கிண்ணம் கையில் கிடைக்கும். பகலில் யாரை அடித்தோமோ அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒவ்வொருவனாகக் கழற்றிப் பேர் சொல்ல, அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லும் புருஷனைப் பார்க்கிற அதே பார்வை. ஓட்டல்காரர் தன் பேரைச் சொன்னபோது, “நான் சொல்லல?” என்று என்னை இடித்தார்.

ஒரு பேர் மட்டும் வரவில்லை. அவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தான்.

முகமூடிக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர் கசாப்புக் கடை வைத்திருக்கும் பெரிய உடம்புக்காரர். வார் அறுந்த முகமூடியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அவர் சொன்னதை இன்ஜினியர் மொழிபெயர்த்தார். தெருவில் முகமூடியைக் கழற்றியது தப்பு, அது உங்கள் தப்பு. உட்கார்ந்தவளை அடித்தது எங்கள் தப்பு. எங்களுடையது பெரியது.

அக்கா உடனே எழுந்துவிட்டார். கழற்றக்கூடாது என்று தெரியாது, நான் செய்தது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி, இரண்டு கையையும் கூப்பினார். அந்த மனிதர் பேக்கரிப் பெண்ணிடம் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னவோ சொன்னார். பிறகு அந்த முகமூடி அடுத்த வருஷம் வெளியே வராது, அந்த வீட்டிலிருந்து யாரும் வேஷம் கட்ட முடியாது என்று ஊருக்கு நடுவில் அறிவித்தார். பேக்கரிப் பெண் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்தாள். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். யாருடைய திருவிழாவோ, யாருடைய கட்டுப்பாடோ, அவர்களே பேசித் தீர்த்துவிட்டார்கள்.

எங்கள் ஆபீஸுக்குத்தான் தீரவில்லை.

திரும்பி வந்ததும் நடந்ததை அக்காவே ஒளிக்காமல் ஆபீஸில் சொல்லிவிட்டார்; அந்த வாரமே எங்கள் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் இருந்தார். பர்சனல் டிபார்ட்மெண்ட்காரர் ஒருவர், கணக்குப் பிரிவுத் தலைவர் ஒருவர். மேசைமேல் ஸ்பெயின் முதலாளிக்கு டைப் அடித்த மன்னிப்புக் கடிதம் தயாராக இருந்தது. ‘இந்தியப் பெண்ணாகிய எனக்கு உங்கள் பண்பாடு புரியாததாலும், பயத்தாலும், தங்கள் மகனின் மேல் அநியாயமாகக் கை வைத்துவிட்டேன்’ என்று ஆங்கிலத்தில் போகும். அடியில் அக்கா கையெழுத்துப் போட வேண்டிய கோடு மட்டும் காலியாக இருந்தது.

“சைன் பண்ணிடுங்க மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, அவ்ளோதான்” என்றார் மேனேஜர்.

அக்கா பொறுமையாகப் படித்தார். “அவங்க கம்ப்ளெய்ண்ட் குடுத்தாங்களா சார்?”

“குடுத்த மாதிரிதான்.”

“குடுத்தாங்களா, இல்லையா?”

“அப்படிலாம் நேரடியா வராதும்மா. நாமளே புரிஞ்சுக்கணும்.”

நான் இடையில் புகுந்து, நானும் பார்த்தேன் சார், அந்தப் பெண் உட்கார்ந்த பிறகுதான் அடித்தான், ஊர்க்காரர்களே தப்பு என்று ஒப்புக்கொண்டார்கள் என்றேன். “உன்ன யாரும் கேக்கல” என்றார்.

அக்கா அந்தக் காகிதத்தைத் திருப்பி வைத்தார். “முகமூடியக் கழட்டினதுக்கு ஸாரி கேட்டுட்டேன், யார்கிட்ட கேக்கணுமோ அவர்கிட்ட. இன்னொரு தடவ வேணும்னாலும் எழுதித் தரேன். ஆனா இதுல எழுதிருக்கிறது பொய். நான் கையெழுத்துப் போட்டா அந்தப் பொண்ணு வாங்கின அடி இல்லன்னு ஆயிடும். இத எழுதினது யாரு?”

“நீங்களா சார்?” என்று மேனேஜரைக் கேட்டார்.

“நான் இல்லம்மா. இது மேலிடத்து முடிவு.”

“நீங்களா?” பர்சனல் டிபார்ட்மெண்ட்காரர் பேனாவைத் திறந்து மூடினார். “எனக்கு வந்தத நான் குடுத்தேன் மேடம்.”

“நீங்களா?” கணக்குப் பிரிவுத் தலைவர், தன்னை உட்காரச் சொன்னார்கள், அதனால் சும்மா உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

அக்கா எழுந்து நின்றார். குரல் உயரவில்லை.

“அந்த ஊர்ல சாயங்காலம் மணி அடிச்சதும் எல்லாரும் கழட்டிட்டாங்க சார். பேரச் சொன்னாங்க. ஒருத்தன் மட்டும்தான் ஓடினான். இங்க எத்தன மணிக்கு அடிப்பீங்க? நான் வெயிட் பண்றேன்.”

நிஜமாகவே நின்றார். மூன்று பேரும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மேனேஜர், வேறு மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போனார்.

பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. அக்காவைக் கீழ்த்தளத்தில் பழைய வரைபடங்களை எண் பார்த்து அடுக்கும் வேலையில் போட்டார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த ஆர்டரில் கையெழுத்துக்குப் பதில் ‘நிர்வாகம்’ என்று இருந்தது. மெஷின் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த கையால் தூசி தட்டினார். ஸ்பெயின்காரர்களின் வேலை என்னவோ தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது, ஒரு ஃபேக்ஸில்கூட இந்த விஷயம் வரவில்லை. கோடை வருவதற்குள் அக்கா ராஜினாமா கொடுத்துவிட்டார். அதில் பேர், ஊர், அப்பா பேர், புருஷன் பேர் எல்லாம் தன் கையாலேயே எழுதியிருந்தார். கொஞ்ச நாள் ஒசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். வீடு மாறிவிட்டார்கள். நான் லிங்கராஜபுரம் போய் விசாரித்தபோது சைக்கிள் கடைக்காரர்தான், சாமான் ஏற்றிவிட்டது நான்தான் என்று சொன்னார். அவருக்கும் புது முகவரி தெரியவில்லை.

அவர் போன பிறகு இந்தக் கதை பிறந்தது. ஸ்பெயினில் பேயைப் பார்த்துப் பயந்துபோன பட்டிக்காட்டு அம்மா. அந்த வருஷ ஆண்டு விழாவில் ஒருவர் காகிதக் கொம்பு வைத்துக்கொண்டு மேடையில் ஓட, இன்னொருவர் புடவை கட்டிக்கொண்டு துரத்தினார். ஆபீஸ் கைதட்டியது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ரிசப்ஷன் மேசையில் நான் இவ்வளவையும் சொன்னேன். ஒன்று விடாமல், எல்லோரும் கேட்கும்படி. யாரும் ஐஸ்கிரீமைத் தொடவில்லை. கடைசியில் மேனேஜரைப் பார்த்துக் கேட்டேன்.

“இப்பவாவது சொல்லுங்க சார். அந்த லெட்டர எழுதினது யாரு?”

அவர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை. “அதெல்லாம் அப்பவே சொன்னேனேம்மா. மேலிடத்து முடிவு. என் கைல என்னா இருந்துச்சு?”

அந்த ஆபீஸே இன்று இல்லை. கட்டடத்தை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். மேலிடம் மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கிறது! எனக்கு மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். அக்காவைக் கண்ணாலும் பார்த்திராத பெண்மணி.

“மேலிடம்னா யாருங்க?” என்று நிஜமாகவே தெரியாத குரலில் கேட்டார். “அந்த ஆபீஸ்ல எனக்கு மேல ஆளே கெடையாதுன்னு எப்பவும் நீங்கதான சொல்வீங்க?”

மேனேஜர் சட்டைப் பையிலும் பேண்ட் பையிலும் கையை விட்டுக் கார் சாவியைத் தேடினார். சாவி மேசைமேல், அவர் கண்ணெதிரிலேயே இருந்தது.